பல் வலிக்கு நகை அடகா? பொன்னமராவதியில இருந்து ஒரு கணக்கு



ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல எப்ப வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தப்பாம வருது: "சார், பல்லுக்கு கவர் ஆகுமா?" ஒரு வரியில "ஆகாது"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி பெரிய பணக் கணக்கு ஒண்ணு இருக்கு. பொன்னமராவதி, காரையூர், கொப்பனாபட்டி பக்கம் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அந்தக் கணக்கு எப்படி வருது, அதை மாத்த அரசுகிட்ட நாம என்ன கேட்கணும்னு இந்தப் பதிவுல பார்ப்போம்.

நான் சி.ஏ., பல் டாக்டர் இல்லை. அதனால சிகிச்சை பத்தி அறிவுரை சொல்லப் போறதில்லை. செலவு, யார் செலவு, எப்ப செலவு, இந்த மூணையும் மட்டும்தான் பேசப் போறேன்.

1. முதல்ல நேரடி பதில்: எது கவர் ஆகும், எது ஆகாது?

சாதாரண தனியார் ஹெல்த் பாலிசி எடுத்துக்கோங்க. சொத்தைப் பல் அடைக்கிறது, ரூட் கெனால், கேப், பல்செட், கிளீனிங் எதுவுமே பெரும்பாலான அடிப்படை பாலிசிகள்ல கிடையாது. விபத்துல அடிபட்டு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா, அதோட சேர்ந்த பல் சிகிச்சைக்குக் கிடைக்கும். 2020 ஏப்ரல்ல வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' பொதுப் பாலிசியில நோயாலோ காயத்தாலோ தேவைப்படுற பல் சிகிச்சையும் உண்டுன்னு எழுதியிருக்கு. ஆனா அது அட்மிஷன் செலவுப் பட்டியலுக்குள்ள வர்ற வரி. நாற்காலியில உட்கார்ந்து அரை மணி நேரத்துல எழுந்து வர்ற சிகிச்சைக்கு அதை வச்சு கிளைம் பண்ண முடியாது.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும். 2018ல இருந்து மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோட சேர்ந்து நடக்குது. தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் மாதிரி பெரிய சிகிச்சைகள் இதுல வரும். தினசரி பல் சிகிச்சை வராது.

இதுல இருக்கிற முரண்பாட்டை கவனிங்க. வாய்ப் புற்றுநோய் முத்திப் போய் ஆபரேஷன்னு வந்தா அரசு லட்சக்கணக்குல கொடுக்கத் தயார். அதே புண்ணை ஆரம்பத்துலயே ஒரு பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறதுக்கு ஆகுற சின்ன செலவுக்கு இன்ஷூரன்ஸ்ல தலைப்பே கிடையாது. 2016-17ல நடந்த தேசிய புகையிலை கணக்கெடுப்புப்படி, இந்தியாவுல பெரியவங்கள்ல 21.4 சதவீதம் பேர் மெல்லும் புகையிலை மாதிரி புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துறாங்க. வெத்தலை-புகையிலை பழக்கம் நம்ம பக்கம் எவ்வளவு சகஜம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954ல தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம்ம புதுக்கோட்டையில பிறந்தவர். அவங்க பிறந்த மாவட்டத்துலயே இந்த ஓட்டை இருக்கலாமா?

2. 1,450 ரூபாய் எப்படி 10,024 ரூபாய் ஆகுது?

இப்ப ஒரு கணக்கு. இதுல நான் போடுற தொகை எல்லாம் கணக்குக்காக வச்சது. உங்க ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

கணவர் கொத்தனார், மனைவி சித்தாள் வேலை. மனைவிக்குப் பல்லுல சின்ன சொத்தை. புதுக்கோட்டை இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஒரு தடவை போய் வர பஸ், டீ எல்லாம் சேர்த்து 150 ரூபாய், அன்னிக்குப் போற கூலி 500 ரூபாய். ஆக ஒரு தடவை போனாலே 650 ரூபாய் காலி.

முதல் கட்டம்: சின்ன சொத்தையிலயே அடைச்சா 800 ரூபாய். ஒரு தடவை போனா போதும். மொத்தம் 800 + 650 = 1,450 ரூபாய்.

இரண்டாம் கட்டம்: "வலி இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டாச்சு. கிராம்பு வச்சு, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஒரு வருஷம் ஓட்டியாச்சு. இப்ப ரூட் கெனால், கேப் சேர்த்து 7,000 ரூபாய். மூணு தடவை போகணும். 3 x 650 = 1,950. மொத்தம் 8,950 ரூபாய். கையில இல்லை, அதனால நகைக்கடன். 12 சதவீத வட்டியில ஒரு வருஷத்துக்கு 1,074 ரூபாய். ஆக மொத்தம் 10,024 ரூபாய்.

கிட்டத்தட்ட 7 மடங்கு. இப்படி ஒரே வருஷத்துல 7 மடங்கு ஏறுற கடனை நீங்க எந்த பேங்க்லயும் பார்க்க முடியாது. சொத்தைப் பல்லை விட மோசமான கந்துவட்டிக்காரன் இல்லைன்னு நான் வீடியோவுல சொன்னது இதை வச்சுதான்.

மூன்றாம் கட்டம்: 10,000 ரூபாய்க்கு வழியில்லாதவங்க என்ன செய்வாங்க? பல்லைப் பிடுங்கிடுவாங்க. சில நூறு ரூபாயோட வேலை முடிஞ்சது. "லாபம்"னு தோணும். ஆனா அந்த இடத்துல பல்லு இல்லாம பக்கத்துப் பல்லு சாயும், ஒரு பக்கமே மெல்லணும், அடுத்தடுத்து பல்லு போகும். 55 வயசுல முறுக்கு இல்ல, சோறே சரியா மெல்ல முடியாத நிலை. ஏழைக்குப் பல் சிகிச்சைன்னா பல் பிடுங்குறதுன்னு ஆனது வைத்திய முடிவு இல்லை, பட்ஜெட் முடிவு.

கூலியோட ஒப்பிட்டா இன்னும் தெளிவா தெரியும். 2025-26ல தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலையோட அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். 7,000 ரூபாய் ரூட் கெனாலுக்கு 21 நாள் கூலி. ஒரு பல்லுக்கு!

சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு இன்னொரு சுமை. ஈறு நோய் இருந்தா சர்க்கரை கட்டுப்படறது கஷ்டம். சர்க்கரை கட்டுப்படலைன்னா ஈறு நோய் கூடும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வளர்க்கும். பல் செலவைத் தள்ளிப் போட்டா, சர்க்கரை மாத்திரைச் செலவுலயும் அது வந்து நிக்கும்.

3. "அப்ப பல்லையும் காப்பீட்டுத் திட்டத்துல சேர்க்கச் சொல்லலாமே?"

எல்லாரும் முதல்ல சொல்ற தீர்வு இதுதான். நிதிக் கோணத்துல இது பலவீனமான கோரிக்கைன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

இன்ஷூரன்ஸ் எதுக்கு? அபூர்வமா வந்து, வந்தா குடும்பத்தையே சாய்க்கிற செலவுக்கு. ஹார்ட் ஆபரேஷன் 1,000 பேர்ல சிலருக்குத்தான் வரும். அதனால எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டா சிலரைக் காப்பாத்தலாம். பல் சொத்தை அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி உலகத்துல சுமார் 350 கோடி பேருக்கு ஏதாவது ஒரு வாய்நோய் இருக்கு. பாதி உலகத்துக்கு வர்ற விஷயத்தை இன்ஷூரன்ஸ் பண்றது, மாசாமாசம் வர்ற கரண்ட் பில்லை இன்ஷூரன்ஸ் பண்ற மாதிரி.

எண்ணுல பாருங்க. 2022 ஜனவரியில தொடங்கிய ஒப்பந்தத்துல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். இதுல பல் சிகிச்சையைச் சேர்த்து, 4 குடும்பத்துல 1 குடும்பம் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கிளைம் பண்ணுதுன்னு வச்சுக்குவோம். ஒரு குடும்பத்துக்கு சராசரி 375 ரூபாய். பிரீமியத்துல 44 சதவீதம் அது மட்டுமே சாப்பிட்டுடும். அதுக்கு மேல ஒவ்வொரு சின்ன பில்லுக்கும் போட்டோ, எக்ஸ்ரே, அப்ரூவல்னு நிர்வாகச் செலவு. அடைச்சாலே போதும்ங்கிற பல்லுக்கு ரூட் கெனால் போட்டு கிளைம் பண்ற ஆசையும் சில இடத்துல வரும்.

அப்ப என்ன வழி? அடிக்கடி வர்ற, சின்ன, முன்கூட்டியே தெரியுற செலவுக்கு நேரடி அரசு சேவைதான் மலிவு. தடுப்பூசிக்கு நாம கிளைம் பண்றோமா? ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் போட்டுக்கிறோம். பல்லும் அந்த வரிசையில வரணும்.

4. தாலுகா ஆஸ்பத்திரியில ஒரு பல் நாற்காலி: என்ன செலவு?

பொன்னமராவதி ஒரு தாலுகா தலைநகரம். வலையபட்டியில அரசு பாப்பாயி ஆச்சி மருத்துவமனை இருக்கு. இந்த மாதிரி ஒரு தாலுகா மருத்துவமனையில முழுசா வேலை செய்யுற பல் பிரிவு நடத்த என்ன ஆகும்? இதுவும் மாதிரிக் கணக்குதான்.

- நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, கருவிகளைக் கிருமி நீக்குற ஆட்டோகிளேவ்: 8 லட்சம். 10 வருஷம் உழைக்கும்னா ஆண்டுக்கு 80,000.
- ஒரு பல் டாக்டர், ஒரு உதவியாளர் சம்பளம்: ஆண்டுக்கு 12 லட்சம்.
- அடைக்கிற பொருள், மருந்து, கையுறை: 3 லட்சம்.
- பராமரிப்பு ஒப்பந்தம்: 70,000.

மொத்தம் ஆண்டுக்கு 16,50,000 ரூபாய். நாளைக்கு 20 பேர், ஆண்டுக்கு 275 நாள்னா 5,500 பேர். ஒரு ஆளுக்கு 300 ரூபாய்!

மேல சொன்ன குடும்பத்துக்கு ஆன 10,024 ரூபாயை இந்த 300 ரூபாயோட வச்சுப் பாருங்க. அரசுக்கு 300 செலவாகுது, குடும்பத்துக்கு 10,000 மிச்சமாகுது. பொதுப் பணத்துல இப்படி வருமானம் தர்ற முதலீடு அதிகம் கிடையாது.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. இந்தச் செலவுல பெரும்பகுதி நிலையான செலவு. நோயாளி வந்தாலும் வராட்டியும் ஆகும். கம்ப்ரஸர் ரிப்பேர் ஆகி பாதி வருஷம் நாற்காலி சும்மா கிடந்தா? பொருள் செலவு 1.5 லட்சமா குறையும், மத்ததெல்லாம் அப்படியே. 15 லட்சத்தை 2,750 பேருக்கு வகுத்தா ஆளுக்கு 545 ரூபாய். பாதி வேலைக்குக் கிட்டத்தட்ட முழு பணம். அதனால "பல் பிரிவு இருக்கா?"ங்கிற கேள்வி பத்தாது. "ஆண்டுக்கு எத்தனை நாள் ஓடுது? பல் அடைக்குறாங்களா, பிடுங்குறது மட்டும்தானா?" இதுதான் ஆடிட்டர் கேட்கிற கேள்வி. நீங்களும் இதையே கேளுங்க.

5. மத்த இடங்கள்ல என்ன செஞ்சாங்க?

பிரிட்டன்: 1948 ஜூலைல தேசிய சுகாதார சேவை தொடங்கினப்ப பல்செட் இலவசம். தலைமுறை தலைமுறையா பல் இல்லாம இருந்தவங்க கூட்டமா வந்தாங்க. பட்ஜெட் தாங்கலை. 1951ல பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வச்சாங்க. அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் அதை எதிர்த்துப் பதவியையே விட்டார். நமக்குப் பாடம்: தடுப்பும் சிகிச்சையும் இல்லாம கடைசிக் கட்டத்துல மட்டும் பணம் போட்டா அது நிக்காது.

இலங்கை: பள்ளிப் பிள்ளைகளுக்குன்னே பயிற்சி பெற்ற பாடசாலை பல் சிகிச்சையாளர்கள் இருக்காங்க. முழு பல் டாக்டர் இல்லை. ஆனா பிள்ளைகளுக்குச் சின்ன சொத்தையை அடைக்க, பல்லைப் பார்க்கத் தெரிஞ்சவங்க. தாய்லாந்துலயும் இதே மாதிரி பல் செவிலியர்களைக் கிராமப்புற சுகாதார நிலையங்கள்ல வச்சிருக்காங்க.

பிரேசில்: 2004ல 'புன்னகைக்கும் பிரேசில்'ங்கிற பொருள்ல ஒரு தேசியத் திட்டம். குடும்ப நல மருத்துவக் குழுவோட பல் குழுவையும் சேர்த்து ஊர் ஊரா அனுப்பினாங்க.

கேரளா: 'மந்தஹாசம்' திட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கிற 60 வயசு தாண்டினவங்களுக்குப் பல்செட் வைக்க அரசு உதவி. கர்நாடகாவுல 'தந்த பாக்ய'ன்னு இதே நோக்கத்துல ஒரு திட்டம். பக்கத்து மாநிலங்களே செஞ்சு காட்டியிருக்காங்க. அதனால "நடக்காத காரியம்"னு யாரும் சொல்ல முடியாது.

நம்ம நாட்டுலயும் 2014-15ல தேசிய வாய் சுகாதாரத் திட்டம் வந்துச்சு. மாவட்ட மருத்துவமனையிலயும் அதுக்குக் கீழ உள்ள மருத்துவமனைகள்லயும் பல் பிரிவுக்கு ஆள், கருவி, பொருள் வாங்க தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியா மாநிலத்துக்குப் பணம் கேட்கலாம். அதாவது தலைப்பு ஏற்கெனவே இருக்கு. நாம புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருக்கிற தலைப்புல நம்ம தாலுகா பேரை ஏத்தச் சொல்லணும்.

6. புதுக்கோட்டைக்குக் கிடைச்ச வாய்ப்பு

இந்தப் பதிவை இப்ப எழுத முக்கியக் காரணம் இதுதான். சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953ல இருந்து இருக்கு. சிதம்பரத்துல அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட இருந்ததை அரசு எடுத்து நடத்துது. அதுக்கப்புறம் நம்ம மாவட்டத்துக்கு வந்துச்சு: 2023 நவம்பர்ல புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. ஆண்டுக்கு 50 மாணவர்கள்.

பி.டி.எஸ். படிப்பு 4 வருஷம், அப்புறம் 1 வருஷம் பயிற்சி மருத்துவர். 2023-24ல சேர்ந்த முதல் பேட்ச் 2027-28 வாக்குல பயிற்சிக் காலத்துக்கு வரும். அந்தப் பயிற்சியில சமூகப் பல் மருத்துவமும் ஒரு பகுதி. அந்தப் பிள்ளைங்க எங்க வேலை செய்வாங்க? புதுக்கோட்டை டவுன்ல மட்டுமா, இல்ல பொன்னமராவதி, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கின்னு சுழற்சியில வருவாங்களா? இந்த முடிவை எடுக்கிற நேரம் இப்பதான். அட்டவணை போட்டு முடிச்ச பிறகு கேட்டா "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு பதில் வரும்.

கல்லூரி வந்தது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனா ஒரு நாள் கூலியை விட்டுட்டு 40 கிலோமீட்டர் போக வேண்டிய சிகிச்சை, ரசீதுல இலவசம்னு இருந்தாலும் இலவசம் இல்லை. மேல போட்ட கணக்குல ஒரு தடவைக்கு 650 ரூபாய்னு பார்த்தோமே, அதுல டாக்டர் பீஸ் ஒரு ரூபாய் கூட இல்லை.

7. நாம கேட்க வேண்டிய 5 விஷயம்

ஒண்ணு: ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் வாரம் 6 நாள் பல் பிரிவு, பராமரிப்பு ஒப்பந்தத்தோட. பல் அடைப்பும் ரூட் கெனாலும் அங்கேயே.

ரெண்டு: அரசு பல் கல்லூரிப் பயிற்சி மருத்துவர்களுக்குத் தாலுகா சுழற்சி, மேற்பார்வை டாக்டரோட.

மூணு: பள்ளியில பார்த்தா மட்டும் போதாது, சிகிச்சை முடியணும். 2013ல தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்துல அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதிக்கிறாங்க. பல் சொத்தையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. சீட்டு எழுதிக் கொடுத்த பிள்ளைகள்ல எத்தனை பேருக்கு சிகிச்சை முடிஞ்சதுங்கிற எண்ணைப் பள்ளிவாரியா வெளியிடணும்.

நாலு: மலிவான மருந்தை முதல்ல வாங்கணும். உலக சுகாதார நிறுவனம் 2021ல தன்னோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல புளூரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சில்வர் டையமின் புளூரைடு மூணையும் சேர்த்துச்சு. கடைசியா சொன்னது சொத்தை மேல தடவுற திரவம். தடவின இடம் கருப்பாகும், ஆனா சொத்தை பரவுறதை நிறுத்தும். டிரில் வேண்டாம், கரண்ட் கூட வேண்டாம். பால்வாடியிலயும் பள்ளியிலயும் பயிற்சி பெற்றவங்க பண்ணக் கூடியது. ஒரு எச்சரிக்கை: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி இடங்கள்ல தண்ணியிலயே புளூரைடு அதிகமாகி பல்லு கறையாகுற பிரச்சினை இருக்கு. அதனால தண்ணியில கலக்கச் சொல்லிக் கேட்காதீங்க. தேவையான பிள்ளைக்கு டாக்டர் பார்த்துத் தடவுறதைக் கேளுங்க.

அஞ்சு: முதியோர் உதவித்தொகை வாங்குறவங்களுக்குப் பல்செட், தாலுகா அளவுல. கேரளா மாதிரி உச்சவரம்பு வச்சு செய்யலாம். சாப்பாட்டை மெல்ல முடியாத பெரியவருக்கு ரேஷன் அரிசி மட்டும் கொடுத்துட்டுக் கடமை முடிஞ்சதுன்னு சொல்லக் கூடாது.

8. எப்படிக் கேட்கிறது? செலவு 10 ரூபாய்ல இருந்து

முதல் படி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில். மருத்துவமனையோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. இந்த 5 கேள்வி போதும்:

- அனுமதிக்கப்பட்ட பல் மருத்துவர், உதவியாளர் பணியிடம் எத்தனை? நிரம்பியது எத்தனை?
- கடந்த 12 மாதத்தில் மாதவாரியாகப் பல் புறநோயாளிகள் எண்ணிக்கை.
- அதில் பல் அடைத்தது எத்தனை, ரூட் கெனால் எத்தனை, பல் பிடுங்கியது எத்தனை?
- பல் நாற்காலி, எக்ஸ்ரே பழுதாகி இருந்த நாட்கள் எத்தனை?
- பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளதா? எந்தத் தேதி வரை?

மூணாவது கேள்விதான் உயிர். அடைச்சதை விடப் பிடுங்கினது பல மடங்கு அதிகம்னு எண் வந்தா, உங்க கோரிக்கைக்கு வேற ஆதாரமே வேண்டாம்.

ரெண்டாவது படி, கிராம சபை. சுத்துப்பட்டு ஊராட்சிகள்ல ஆண்டுக்கு 6 தடவை நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் இப்படி எழுதலாம்: "எங்கள் ஊராட்சி மக்கள் பல் சிகிச்சைக்காக 40 கி.மீ. பயணம் செய்து கூலி இழப்பதால், தாலுகா அரசு மருத்துவமனையில் வாரம் 6 நாள் பல் பிரிவு இயங்கவும், அரசு பல் மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்களைச் சுழற்சி முறையில் அனுப்பவும் இக்கிராம சபை கோருகிறது." உங்க ஊர் தூரத்தைப் போட்டுக்கோங்க. தீர்மானம் பதிவேட்டுல ஏறுச்சான்னு பார்த்துட்டு வீட்டுக்கு வாங்க. நகரத்துக்குள்ள இருக்கிறவங்க வார்டு உறுப்பினர் மூலமா மன்றத்துல வைக்கச் சொல்லலாம்.

மூணாவது படி, பணம் இருக்கிற இடத்துல கேட்கிறது. நாம திருமயம் சட்டமன்றத் தொகுதி, சிவகங்கை மக்களவைத் தொகுதி. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. அரசு மருத்துவமனைக்குக் கருவி வாங்க இதுல கேட்கலாம். நம்ம மாதிரிக் கணக்குல ஒரு நாற்காலிக்கு 8 லட்சம். 3 கோடியில அது 3 சதவீதம் கூட வராது. ஆனா ஞாபகம் வச்சுக்கோங்க: அந்த நிதியில பொருள்தான் வரும், டாக்டர் சம்பளம் வராது. சம்பளத்துக்கு சுகாதாரத் துறையைத்தான் கேட்கணும். ரெண்டு மனுவையும் ஒரே வாரத்துல கொடுங்க. இல்லைன்னா டாக்டர் இல்லாத நாற்காலியோ, நாற்காலி இல்லாத டாக்டரோதான் மிஞ்சும்.

நாலாவது, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர் நாள். போக முடியாதவங்க 1100க்கு போன் பண்ணிப் பதிவு பண்ணலாம். பதிவு எண்ணைக் குறிச்சு வச்சுக்கோங்க.

9. அதுவரைக்கும் உங்க வீட்டுப் பணத்துக்கு என்ன பண்றது?

கொள்கை மாற நாளாகும், பல்லு காத்திருக்காது. அதனால:

- ஆண்டுக்கு ஒரு தடவை பல் பரிசோதனை. கொன்னையூர் மாரியம்மன் திருவிழாவுக்குன்னு பணம் எடுத்து வைக்கிற குடும்பங்கள் நம்ம பக்கம் நிறைய. அதே மாதிரி மாசம் 200 ரூபாய் பல்லுக்குன்னு தனி ஆர்.டி. போடுங்க. வருஷத்துக்கு 2,400. முதல் கட்டத்துலயே அடைச்சுடலாம்.

- அரசு மருத்துவமனையை முதல் கதவா வச்சுக்கோங்க. ஓ.பி. எண்ணிக்கை கூடினாதான் அந்தப் பிரிவுக்கு ஆளும் பொருளும் கேட்க முடியும். நீங்க போடுற ஒவ்வொரு சீட்டும் ஒரு வாக்கு மாதிரி.

- மாச ஊதியம் 21,000 ரூபாய்க்குள்ள வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகுறவங்க, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில பல் சிகிச்சையும் கேட்டு வாங்கலாம். உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் போகுது, பயன்படுத்துங்க.

- வருமான வரி: பழைய வரிமுறையில இருக்கிறவங்களுக்கு மட்டும். 60 வயசு ஆன அப்பா-அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லைன்னா, அவங்களுக்கு நீங்க செய்யுற மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரைக்கும் கழிக்கலாம். பல் சிகிச்சைன்னு தனியா விலக்கு எதுவும் அதுல இல்லை. ரொக்கமா கொடுத்தா கிடைக்காது, யு.பி.ஐ., கார்டு, செக் வழியா கொடுங்க, பில் வாங்குங்க. அம்மா பல்செட்டுக்கு 30,000 செலவு, நீங்க 20 சதவீத வரி அடுக்குன்னா, செஸ் சேர்த்து 6,240 ரூபாய் வரி மிச்சம்.

- கிளினிக்ல "ஈ.எம்.ஐ. இருக்கு"ன்னு சொன்னா, சிகிச்சையோட ரொக்க விலையையும் ஈ.எம்.ஐ. மொத்தத்தையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்க. வித்தியாசம்தான் வட்டி, பேர் என்ன வச்சாலும்.

- விலை கம்மின்னு பதிவு இல்லாத ஆள்கிட்ட பல் கட்டாதீங்க. 1948ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டத்துல இருந்தே பதிவு கட்டாயம். டாக்டரோட பதிவு எண்ணைக் கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லை.

- 2025 செப்டம்பர் 22ல இருந்து பற்பசை, டூத் பிரஷ் ஜி.எஸ்.டி. 18ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. ஒரு குடும்பத்துக்கு மாசம் சில ரூபாய்தான். ஆனா பிரஷ்ஷை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தாம இருக்க "விலை"ங்கிற காரணம் இனிமே சொல்லாதீங்க!

கடைசியா ஒண்ணு. "பல் போனா சொல் போச்சு"ன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. சொத்தையால வாயை மூடிக்கிட்டுப் பேசுற பொண்ணு இன்டர்வியூல எப்படிப் பேசும்? ராத்திரி முழுக்க பல் வலியில தூங்காத பையன் பரீட்சை எப்படி எழுதுவான்? இதுக்கெல்லாம் நான் தொகை போடலை, போடவும் முடியாது. ஆனா தொகை போட முடிஞ்ச பகுதியே 300 ரூபாய்க்கும் 10,000 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. மேல இருக்கிற 5 கேள்வியை உங்க தாலுகா மருத்துவமனைக்கு எழுதி, 10 ரூபாயோட அனுப்புங்க. 30 நாள்ல வர்ற பதிலைக் கையில வச்சுக்கிட்டு அடுத்த கிராம சபைக்குப் போங்க. பதில் வந்தவங்க எனக்கும் அனுப்புங்க. தாலுகாவாரியா எண்களை ஒரே அட்டவணையில போட்டு ஒரு வீடியோ பண்றேன். எந்தத் தாலுகாவுல அடைக்கிறாங்க, எந்தத் தாலுகாவுல பிடுங்குறாங்கன்னு அப்ப எல்லாருக்கும் தெரியும்.